சேலை கட்டின 3D மொடலில் டெசிமேட் (முக்கோணங்களைக் குறைக்கிற கருவி) போட்டால் தோளில் ஏன் ஓட்டை விழுகிறது?

இரணைமடுக் குளக்கட்டில நின்று வயலைப் பாருங்கோ. தூரத்தில களை பிடுங்கிற அக்காவின்ர சேலை நிறமும் குனிஞ்ச உருவமும்தான் தெரியும், கொசுவம் தெரியாது. தூரத்தில காட்டுகிற மொடலின் எளிய வடிவத்துக்கும் அவ்வளவே போதும். மடிப்புகளை நோர்மல் மெப்பில (மேடுபள்ளம் இருக்கிற மாதிரி ஒளியைக் காட்டுகிற படம்) பேக் பண்ணிவிட்டு, அதாவது பதிந்துவிட்டு, வலையில (மொடலின் முக்கோணப் பின்னல்) இருந்து எடுத்துவிடுங்கோ.

பிளெண்டர் எண்ட 3D மென்பொருளின் டெசிமேட்டில ரேஷியோ (மிஞ்ச வேண்டிய பங்கு) 0.5 வைத்தால் முக்கோணங்கள் பாதியாகும். ஆனால் அது கழுத்தோரம், தோள், அக்குள் என்று பார்க்காது. உடுப்பின் விளிம்புப் புள்ளிகள் உடம்பின் புள்ளிகளோட பொருந்தாமல் போக, ஓட்டை விழும். அந்த இடங்களின் புள்ளிகளை வேர்டெக்ஸ் குரூப்பில (பெயரிட்ட புள்ளிக் கூட்டம்) போட்டு, டெசிமேட்டில அந்தக் குரூப்பைத் தெரிவு செய்து, இன்வெர்ட் பண்ணிக் காப்பாற்றுங்கோ. நான் தோளைக் கையாலேயே குறைப்பேன், அதுதான் சுத்தம்.

ஷேப் கீ (மொடலின் வடிவ மாற்றங்களைச் சேமிக்கிற பதிவு) இருந்தால் டெசிமேட்டை அப்ளை பண்ண, அதாவது நிரந்தரமாக்க, விடாது. பிரதியெடுத்து, கீயை நீக்கிவிட்டுச் செய்யுங்கோ. கடைசியில மொடலின் கையை உயர்த்தி அக்குளைப் பாருங்கோ.