சிவப்பு லைட்டு எரியுது, கம்ப்ளைண்ட் க்ளோஸ் ஆகுது: நெட் பத்தி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாடு முழுக்க கனெக்‌ஷன் குடுக்குற ஒரு பெரிய கம்பெனியோட ஃபைபர் எங்க வீட்ல இருக்கு. மாசத்துல நாலு நாளாவது மோடத்துல சிவப்பு லைட். கஸ்டமர் கேர்ல சொன்னா 24 மணி நேரத்துல ஆள் வரும்னு சொல்றாங்க, யாருமே வர்றதில்ல, ஆனா மறுநாள் காலைல 'உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது'ன்னு மெசேஜ் மட்டும் வந்துடுது. பொண்ணுக்கு ஆன்லைன் கிளாஸ் இருக்கு, அவளுக்காக ஒவ்வொரு தடவையும் லைன்மேன் தம்பிக்கு தனியா 200 ரூபா குடுத்து கூப்பிடுறேன். நான் என்ன பண்ணணும்? (வாசகி, கொளத்தூர்)

பதில்: சகோதரி, முதல்ல அந்த 200 ரூபாய நிறுத்துங்க. தம்பி மேல கோவப்பட்டு சொல்லல, அவரும் கான்ட்ராக்ட்ல ஓடுற புள்ள, ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்குறாரோ. ஆனா நீங்க கைக்காசு குடுத்து சரி பண்ணிக்கிற வரைக்கும் உங்க தெருவுல கேபிள் பழுதா கிடக்குறது கம்பெனி கணக்குலயே ஏறாது.

மோடத்துல எல்ஓஎஸ்னு எழுதின இடத்துல சிவப்பு எரிஞ்சா வெளியிலேர்ந்து வர்ற ஒளி வீட்டுக்கு வந்து சேரலன்னு அர்த்தம், அதனால ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, வைஃபை பாஸ்வேர்ட மாத்துங்கன்னு அவங்க சொல்றதுல பெரிய பிரயோஜனம் இருக்காது. பெரம்பூர்ல எங்க வீட்லயும் வேற ஒரு கம்பெனி லைன்ல இதே தொல்லை தான், மூணு வாரம் அலைஞ்சேன், கடைசியா வந்தவர் ஏணி போட்டு ஏறி காமிச்சப்போ தான் விஷயமே புரிஞ்சுது. போஸ்ட்லேர்ந்து வர்ற கறுப்பு வயர வேப்பமரக் கிளையில சுத்தி கட்டியிருக்காங்க, காத்தடிச்சா கிளை ஆடுது, கிளை ஆடினா வயரும் மடங்குது, மடங்கின எடத்துல ஏற்கனவே ஒரு ஜாயின்ட், அது மேல டேப் சுத்தி வச்சிருக்கு. ஒளிய அளக்குற மீட்டர சொருகினாரு, மைனஸ் 31 காட்டுச்சு (மைனஸ்ல நம்பர் பெருசாக பெருசாக ஒளி கம்மின்னு அர்த்தம்). அந்த எடத்த வெட்டி எடுத்துட்டு, டிபன் பாக்ஸ் மாதிரி இருக்குற மெஷின்ல ரெண்டு முனையையும் வச்சு ஒட்டினாரு. மைனஸ் 21 ஆச்சு. அன்னிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் சிவப்பு லைட் எரியவே இல்ல.

இந்த நம்பர் முக்கியம். வீட்டு மோடத்துக்கு வர்ற ஒளியோட அளவு மைனஸ் 27-க்கு கீழ போனா பெரும்பாலான மோடம் திணறும், மைனஸ் 25-ஐ தொட்டாலே கவனிக்கணும். அடுத்த தடவ யார் வந்தாலும் 'மீட்டர் வச்சு எவ்ளோ வருதுன்னு சொல்லுங்கண்ணே'ன்னு கேளுங்க, மீட்டர ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. சிவப்பு லைட்டையும் தேதி நேரம் தெரியிற மாதிரி எடுங்க.

சரிசெய்யப்பட்டதுன்னு மெசேஜ் வந்தா உடனே புதுசா கம்ப்ளைண்ட் போட்டுடாதீங்க, பழைய நம்பரையே சொல்லி இது சரியாகல, மறுபடி திறங்கன்னு கேளுங்க. மூணு நாள் தாண்டியும் சரியாகலன்னா இழப்பீடு குடுக்கணும்னு, டெலிபோன் கம்பெனிங்களுக்கு விதி போடுற டிராய் ஆணையம் 2024-ல கொண்டு வந்த சேவைத் தர விதியில இருக்கு. நாள் கணக்க நீங்களே ஒரு நோட்டுல எழுதி வைங்க.

கேள்வி: டிராய்க்கு நேரடியா எழுதிப் போட்டா நடவடிக்கை எடுப்பாங்களா? (வாசகர், தாம்பரம்)

பதில்: எடுக்க மாட்டாங்க சார், தனித்தனி ஆளோட புகார விசாரிக்கிற வேலை டிராய்க்கு கிடையாது, அவங்க விதி போடுறவங்க. இது தெரியாம நிறைய பேர் மாசக்கணக்குல காத்துக்கிட்டு இருக்காங்க, அத நெனச்சா வருத்தமா இருக்கு. முதல்ல கஸ்டமர் கேர்ல புகார் நம்பர் வாங்கணும். அதுல தீரலன்னா அதே கம்பெனிக்குள்ளயே மேல்முறையீட்டு அதிகாரின்னு ஒருத்தர் கட்டாயம் இருக்கணும், அவர்கிட்ட போகலாம், காசு கிடையாது. அங்கயும் நடக்கலன்னா மத்திய அரசோட பொதுக் குறைதீர்ப்பு போர்ட்டல்ல தொலைத்தொடர்புத் துறைய தேர்ந்தெடுத்து போடுங்க, இதுக்கு ஓரளவு அசைவு இருக்கும். 1915-னு நுகர்வோர் ஹெல்ப்லைனும் இருக்கு.

இன்னொரு கதவும் இருக்கு, அத பலபேர் மூடிக்கிடக்குன்னே நெனச்சுக்கிட்டு இருக்காங்க. டெலிபோன் விஷயத்துக்கு நுகர்வோர் கோர்ட்டுக்கு போக முடியாதுன்னு 2009-ல ஒரு தீர்ப்பு வந்துச்சு, அத வச்சே கம்பெனிங்க ரொம்ப வருஷம் தப்பிச்சாங்க. 2022 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிட்டாங்க, தொலைத்தொடர்பு சேவை குறைபாட்டுக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கு போகலாம்னு. நீங்க கட்டின பணம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம். அதுக்கு தான் புகார் நம்பர், போட்டோ, மெசேஜ் எல்லாத்தையும் அழிக்காம வைங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்.

கேள்வி: கடலுக்கடியில வர்ற கேபிள் எல்லாம் சென்னையில தான் கரையேறுதுன்னு சொல்றாங்க, அப்புறம் ஏன் நம்ம வீட்ல மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு? (கல்லூரி மாணவர், வியாசர்பாடி)

பதில்: நல்ல கேள்வி தம்பி. நீ சொல்றது பாதி சரி, மும்பையிலயும் நிறைய கேபிள் ஏறுது. சிங்கப்பூர்லேர்ந்து பிரான்ஸ் வரைக்கும் ஏறக்குறைய 18,800 கிலோமீட்டர் போற சீ-மீ-வீ 4 கேபிள் சென்னைய தொட்டுட்டு தான் போகுது. சிங்கப்பூருக்கு நேரா போற கேபிளும் இங்கேர்ந்து இருக்கு. 2020 ஆகஸ்ட்ல சென்னையிலேர்ந்து அந்தமானுக்கு சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் திறந்தாங்க, அதுவும் கடலுக்குள்ள தான். இவ்ளோ தூரம் கடல்ல ஒழுங்கா வர்ற டேட்டா, உங்க தெரு முனையிலேர்ந்து உங்க வாசலுக்கு வர்ற கடைசி 200 மீட்டர்ல தான் மாட்டிக்கிட்டு நிக்குது. மெட்ரோவுக்கு தோண்டுறான், மழைநீர் வடிகாலுக்கு தோண்டுறான், குடிநீர் பைப்புக்கு தோண்டுறான், ஒருத்தன் தோண்டுறது இன்னொருத்தனுக்கு தெரியாது, ஜேசிபி ஒரு இழு இழுத்தா நாலு தெரு அவுட். அப்புறம் அவசரத்துக்கு மேல் வழியா ஒரு வயர இழுத்து மரத்துல கட்டிட்டு போயிடுவாங்க, அதுவே பத்து வருஷத்துக்கு நிலைச்சிடும். எனக்கு உண்மையிலயே ஆத்திரமா வர்றது இந்த இடத்துல தான். தோண்டுறதுக்கு முன்னாடி எல்லா துறையும் ஒரே மேப்ப பாத்தா பாதி சிவப்பு லைட் எரியவே எரியாது.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் பிளான், ஆனா போன்ல 40 தான் காட்டுது, ஏமாத்துறாங்களா? (வாசகி, அண்ணா நகர்)

பதில்: அவசரப்பட்டு முடிவு பண்ணாதீங்க மேடம். லேப்டாப்ல லேன் வயர் சொருகி பாருங்க, அதுல 90-க்கு மேல வந்தா லைன் நல்லா இருக்கு, உங்க வைஃபை தான் பிரச்சனை, 5 ஜிகாஹெர்ட்ஸ்க்கு மாத்திக்கோங்க. லேன்லயும் 40-னா ராத்திரி 9 மணிக்கு ஒரு தடவ, காலைல 6 மணிக்கு ஒரு தடவ டெஸ்ட் பண்ணி வைங்க, ராத்திரி மட்டும் விழுந்தா உங்க ஏரியாவுல ஒரே லைன்ல ஆள் ஜாஸ்தி. படம் டவுன்லோட் ஆகும்போது நொடிக்கு 12 எம்பின்னு காட்டுறத பாத்து பயப்பட வேண்டாம், பிளான் வேகம் பிட் கணக்கு, டவுன்லோட் பைட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தா தான் ஒரு பைட், அதனால 100 எம்பிபிஎஸ்னா அதிகபட்சம் நொடிக்கு 12.5 எம்பி தான் வரும்.

கேள்வி: அப்பா காலத்து லேண்ட்லைன், அதே செம்பு வயர்ல தான் பிராட்பேண்ட். மாத்தணுமா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: ஃபைபருக்கு மாத்திடுங்க. 2004-ல அரசாங்கம் பிராட்பேண்ட்னு சொன்னப்போ அளவு 256 கேபிபிஎஸ், அதுக்கு அந்த வயர் தாராளமா போதும். 2023-லேர்ந்து 2 எம்பிபிஎஸ் இருந்தா தான் பிராட்பேண்ட்னே பேரு. செம்புல எக்ஸ்சேஞ்சிலேர்ந்து தூரம் கூடக்கூட வேகம் குறையும், ஜாயின்ட்ல தண்ணி எறங்கினா கரகரன்னு சத்தம் வந்து நெட் அறுந்து அறுந்து போகும், வேளச்சேரில தண்ணிய பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஃபைபர்னா கண்ணாடி இழை, அதுக்கு அந்த பயம் ரொம்ப கம்மி, ஆனா வீட்ல இருக்குற மோடத்துக்கு கரண்ட் வேணும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ தெருத்தெருவா கரண்ட் இல்லாம கிடந்தோம்ல, அந்த மாதிரி நேரத்துக்கு ரூட்டருக்குன்னு வர்ற சின்ன யுபிஎஸ் ஒண்ணு வாங்கி வைங்க. வாங்குறதுக்கு முன்னாடி உங்க அடாப்டர்ல 12 வோல்ட்டா 9 வோல்ட்டான்னு பாத்துட்டு போங்க.