வானைப் படிக்கப் போனவள் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பது ஏன்?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்துள்ள என் மகள், ரேடியோ வானியல் பயிற்சிக்காகப் புனே சென்றிருக்கிறாள். தொலைநோக்கியை ஒருநாள் சுற்றிக்காட்டியதோடு சரி, மற்ற நாளெல்லாம் கணினியில் வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறாள். இது என்ன பயிற்சி?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: சரியான பயிற்சிதான். புனேக்கு வடக்கே கோடத் கிராமத்தைச் சுற்றி நிற்கும் ஜி.எம்.ஆர்.டி. என்ற ராட்சத மீட்டரலை ரேடியோ தொலைநோக்கியில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ்கள் இருக்கின்றன. 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ஒற்றை டிஷ்ஷுக்கு, ஏறக்குறைய முழுநிலவு அளவுள்ள வானப்பரப்பு முழுவதும் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். 25 கிலோமீட்டர் வரை விலகி நிற்கும் டிஷ்களை இரண்டிரண்டாக இணைத்தாலோ, அதைவிடப் பல நூறு மடங்கு நுண்மை கிடைக்கிறது. 30 டிஷ்களுக்கு 435 இணைகள். ஒவ்வோர் இணையும் வானத்தைப் பற்றிய ஒரு துணுக்குத் தகவலைத் தருகிறது. பூமி சுழலச் சுழல இணைகளின் கோணம் மாறிப் புதிய துணுக்குகள் சேர்கின்றன. இம்முறையை வளர்த்தெடுத்த கேம்பிரிட்ஜின் மார்ட்டின் ரைல் 1974இல் நோபல் பரிசு பெற்றார். ஆக, படம் டிஷ்ஷில் விழுவதில்லை. பிறகு கணினியில்தான் உருவாகிறது. டிஷ்களைத் திருப்புவதற்கு அங்கேயே இயக்குபவர்கள் இருக்கிறார்கள்.

மென்பொருளே எல்லாவற்றையும் செய்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். கட்டளைகளைத் தட்டச்சு செய்ய ஒரு பிற்பகல் போதும்; எதை நம்பக்கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயிற்சிப் பள்ளி தேவைப்படுகிறது. உங்கள் மகள் பார்க்கும் வரைபடங்களில், வலிமை முன்பே துல்லியமாக அறியப்பட்ட 3சி 286 போன்ற ஒரு மூலத்தின் (ரேடியோ அலைகளை வெளியிடும் வான்பொருளின்) தரவு இருக்கும். எல்லா டிஷ்களும் சீரான கோடு காட்டுகையில் ஒன்று மட்டும் நடுவில் துள்ளினால், கோளாறு வானத்தில் இல்லை, அந்த டிஷ்ஷில் இருக்கிறது. சில அலைவரிசைகளில் மட்டும் திடீர் உயரம் தெரிந்தால், பெரும்பாலும் அது செல்பேசிக் கோபுரமோ செயற்கைக்கோளோ செய்த வேலை. அவற்றை நீக்க வேண்டும். அளவுக்கு மீறி நீக்கினால், தேடி வந்த சமிக்ஞையே போய்விடும். இலக்குக்கு அருகிலுள்ள ஒரு மூலத்தை அவ்வப்போது திரும்பிப் பார்த்து, வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தால் குலைந்த அலைக்கட்டத்தை (அலையின் ஏற்ற இறக்க நிலையை) சரிசெய்வது அடுத்த வேலை.

இவ்வளவுக்குப் பிறகும், முதலில் கிடைக்கும் படத்தில் பிரகாசமான ஒவ்வொரு மூலத்தைச் சுற்றியும் வளையங்களும் கதிர்களும் இருக்கும், ஏனெனில் 435 இணைகளாலும் எல்லா இடைவெளிகளையும் நிரப்ப இயலாது. ஸ்வீடன் வானியலர் ஹொக்பொம் 1974இல் வெளியிட்ட ‘கிளீன்’ முறை, இந்தப் போலி வடிவங்களைப் படிப்படியாகக் கழிக்கிறது. எப்போது நிறுத்துவது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்: சீக்கிரம் நிறுத்தினால் வளையம் மிஞ்சும், நிறுத்தாமல் தொடர்ந்தால் இரைச்சலே விண்மீன் மண்டலமாக வேடமிடும். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ‘இது உண்மையா?’ என்று திரும்பத் திரும்பக் கேட்பதற்கு ஈடாக எந்தக் கையேட்டையும் நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: நான் இளங்கலை இயற்பியல் மாணவி. இத்துறைக்கு இப்போதே தயாராக முடியுமா?
– ஒரு வாசகி, உதகமண்டலம்

பதில்: உங்கள் ஊரிலேயே, முத்தோரைச் சரிவில், கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970இல் கட்டி முடித்த 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி இருக்கிறது, ஜி.எம்.ஆர்.டி.யை அமைத்ததும் அவர் தலைமையில்தான். இரண்டையும் நடத்தும் புனேயின் தேசிய ரேடியோ வானியற்பியல் மையம், அயூக்கா என்ற வானியல் ஆய்வு நிறுவனத்துடன் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்கெனக் குளிர்காலப் பள்ளி நடத்தியிருக்கிறது. அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். அதற்குள் அலைகளைக் கூறுகளாகப் பிரிக்கும் கணிதமான ஃபூரியே மாற்றத்தையும், பைத்தான் நிரல்மொழியையும், லினக்ஸ் இயங்குதளத்தையும் பழகிக்கொள்ளுங்கள். பிறகு, ரேடியோ தரவைப் படமாக்கும், இலவசமாகக் கிடைக்கும் ‘காசா’ மென்பொருளை நிறுவி, ஜி.எம்.ஆர்.டி.யின் பொதுக் காப்பகத்திலுள்ள பழைய தரவு ஒன்றை எடுத்துப் படமாக்கி, அதே தரவிலிருந்து ஆய்வுக் கட்டுரையில் வெளிவந்த படத்தோடு ஒப்பிடுங்கள்.