ஈ.சி.எம் போச்சா, எர்த் போச்சா?

கேள்வி: அண்ணா, வணக்கமுங்க. போன வருசம் திருப்பூரில் ஒருத்தரிடம் 2014 மாடல் டீசல் கார் ஒன்றை 2,60,000 ரூபாய்க்கு வாங்கினேன். இந்த மழைக்காலம் முடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே படக்கென்று நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. போன வாரம் ஊதியூர் தாண்டி நின்றுபோய், வீட்டுக்காரியும் குழந்தையும் வெயிலில் காய்ந்தார்கள். மெக்கானிக் கோளாறு படிக்கும் ஸ்கேனர் போட்டார். ஒரு தடவை கனெக்ட் ஆச்சு, அடுத்த தடவை ஆகவில்லை. “ஈ.சி.எம், அதாவது இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர், போயிருச்சுங்க. புதுசு 42,000, கோயமுத்தூர் உக்கடத்துல பழசு 9,000, ரிப்பேர்னா 7,000, எது பண்ணலாம்னு சொல்லுங்க” என்கிறார். எதைப் பண்ணட்டும்?
- ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: தம்பி, மூன்றில் எதற்கும் இப்போது காசு எடுத்து வைக்காதீர்கள். ஈ.சி.எம் போயிருக்கலாம், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் அதற்கு இன்னும் சாட்சி வரவில்லை. ஒரு தடவை ஸ்கேனரோடு பேசி அடுத்த தடவை பேசாத ஈ.சி.எம்மைப் பார்த்தால், முதலில் அதற்குக் கரண்டு ஒழுங்காகப் போகிறதா என்றுதான் சந்தேகப்பட வேண்டும். ஸ்கேனரில் விளக்கு எரிகிறதே என்று ஏமாறாதீர்கள், ஸ்கேனரை மாட்டும் சாக்கெட்டுக்கு வரும் கரண்டு பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக வருகிறது. ஈ.சி.எம் செத்துக் கிடந்தாலும் ஸ்கேனர் எரியும்.

அடுத்த தடவை வண்டி நின்றதும் பதற்றப்படாமல் ஓரமாக நிறுத்திவிட்டு, சாவியை ஆன் பண்ணி மீட்டரில் இன்ஜின் விளக்கைப் பாருங்கள். ஸ்டார்ட் பண்ணாமல் சாவி மட்டும் போட்டால் அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். எரிகிறது, ஸ்கேனரும் பேசுகிறது, ஆனால் செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்.பி.எம் பூஜ்யத்திலேயே நிற்கிறது என்றால், அது இன்ஜின் சுற்றுவதை ஈ.சி.எம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சாராகவோ அதன் வயராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். சூடானால் செத்து, ஆறினால் பிழைப்பது கிராங்க் சென்சாரின் பழைய குணம், விலையும் ஈ.சி.எம் விலைக்குப் பக்கத்திலேயே வராது. விளக்கே எரியவில்லை, ஸ்கேனரும் பேசவில்லை என்றால்தான் ஈ.சி.எம் பக்கம் போக வேண்டும், அப்போதும் ஈ.சி.எம்முக்கு முன்னால் ஃபியூஸ், கரண்டைத் திறந்துவிடும் மெயின் ரிலே, கரண்டு பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த் என்று மூன்று பேர் நிற்கிறார்கள்.

எர்த்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே பட்டிருக்கிறோம். தாராபுரம் ரோட்டில் எங்கள் மாமாவின் வண்டி இதே மாதிரி நின்று நின்று போய், யாரோ சொன்னதைக் கேட்டு ஈ.சி.எம்மை மாற்றினார்கள். பதினைந்து நாள் ஓடியது, மறுபடியும் நின்றது. நான் போய் பேட்டரி ட்ரேயைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் பாடியோடு போல்ட் போட்டிருந்த எர்த் வயரின் வளையத்தில் பச்சை பூத்திருந்தது, வயரின் மேல்தோல் பார்க்கப் புதுசு மாதிரி இருந்தாலும் விரலால் வளைத்தால் உள்ளே மொறமொறவென்றது. தோலைக் கீறினால் செம்பு கறுத்துப்போய், பிடித்துக்கொண்டிருந்தது இரண்டே இரண்டு இழை. சாவியை ஆன் பண்ணச் சொல்லிவிட்டு அந்த வயரை ஆட்டினேன், மீட்டரில் இன்ஜின் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. ஒரு முழம் வயருக்காக மாமா அவ்வளவு பணத்தைக் கொட்டியதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இதில் மல்ட்டிமீட்டரை மட்டும் நம்பினால் மோசம் போவீர்கள். ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். அதனால் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயரைப் பற்றவைத்துக்கொண்டு, ஈ.சி.எம் கனெக்டரைக் கழற்றி, அதற்குக் கரண்டு வரும் வயருக்கும் எர்த் வயருக்கும் நடுவில் அந்தப் பல்பை எரியவிடச் சொல்லுங்கள். எந்தப் பின் எது என்று வயரிங் படம் பார்த்துத்தான் செய்ய வேண்டும், குத்துமதிப்பாகக் குத்தக் கூடாது. பல்பு பளிச்சென்று எரிந்தால் வழி சுத்தம், மங்கினால் வழியில் கோளாறு. கனெக்டரை மாட்டிய பிறகு இன்னொரு சோதனை: மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும் சிவப்பை ஈ.சி.எம் எர்த் வயரிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை, அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் எர்த்தைச் சரி பண்ணாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

காங்கேயம் என்கிறீர்கள். வண்டி நிற்பது கொப்பரைக் களத்துக்குப் பக்கத்திலா, தோட்டத்துச் சாளையிலா? அப்படியானால் எலியைத் தேடுங்கள். ஏர் ஃபில்டருக்குப் பின்னால், வயர் கட்டு (ஹார்னஸ்) வளைந்து போகும் இடத்தில் டேப்பைப் பிரித்துப் பாருங்கள். இன்னொன்று, சென்சார்களுக்கு ஈ.சி.எம் 5 வோல்ட் கொடுக்கிறது, அந்த வயர் எங்காவது தோல் உரிந்து பாடியில் பட்டாலோ, ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலோ அந்த 5 வோல்ட் படுத்துவிடும். சில வண்டியில் அதோடு ஈ.சி.எம்மும் வாயை மூடிக்கொள்ளும். சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அந்தப் பக்கம்தான் திருடன். மழைக்குப் பிறகு ஆரம்பித்தது என்பதால் ஈ.சி.எம் கனெக்டரைக் கழற்றி உள்ளே பச்சையோ ஈரமோ இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சரி, இதெல்லாம் பார்த்த பிறகும் கரண்டு, எர்த், 5 வோல்ட் எல்லாம் சுத்தம், ஈ.சி.எம் பேசவே மாட்டேன் என்கிறது என்று வையுங்கள். அப்போது என் ஓட்டு முதலில் ரிப்பேருக்குத்தான். காரணம் விலை மட்டும் இல்லை. உங்கள் சாவிக்குள் இருக்கும் சிப்பின் அடையாளமும், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் கோடு நம்பரும் (code) அந்த ஈ.சி.எம் போர்டுக்குள்ளேதான் எழுதியிருக்கும். போர்டு பிழைத்தால் அப்படியே மாட்டி ஓட்டலாம். சால்டர் விட்டுப்போனது, இன்ஜெக்டர் மாதிரிப் பாகங்களுக்குக் கரண்டு விடும் டிரைவர் டிரான்சிஸ்டர் ஒன்று எரிந்தது, கெப்பாசிட்டர் ஒழுகியது என்றால் ரிப்பேர் ஆகும். தண்ணீர் புகுந்து போர்டின் உள் அடுக்குக் கோடுகள் அரித்திருந்தாலோ, பிராசஸரே போயிருந்தாலோ அதில் பணம் போடாதீர்கள்.

ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் லேபிளையும் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வேலையாக உள்ளே இருக்கும் டேட்டாவைப் படித்துக் காப்பி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், சால்டரிங் அயனை எடுப்பது அதற்குப் பிறகுதான். உங்களுடையது சூட்டில் நிற்கிற கோளாறு, அதனால் மேஜையில் போர்டைச் சூடாக்கி ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள், மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். எது எரிந்திருந்தது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு இன்ஜெக்டர் ஷார்ட் ஆகி அதனால் டிரைவர் எரிந்திருந்தால், அந்த இன்ஜெக்டரை அப்படியே வைத்து எந்த ஈ.சி.எம்மை மாட்டினாலும் அதுவும் எரியும். சோதனைக்கு என்று நண்பன் வண்டி ஈ.சி.எம்மைக் கழற்றி மாட்டிப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான்.

உக்கடத்து 9,000 ரூபாய்ச் சரக்கு இரண்டாவது. பார்க்க ஒன்று போல இருந்தால் போதாது, பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப்போக வேண்டும். அப்படியே மாட்டினால் உங்கள் சாவியை அது அடையாளம் தெரியாமல் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும், உங்கள் பழைய போர்டில் இருக்கும் டேட்டாவை அதில் ஏற்ற வேண்டும். பழையதைப் படிக்கவே முடியாவிட்டால் அந்த வேலையும் சிக்கல். “குளோன் பண்ணி, என் வண்டியில் ஸ்டார்ட் ஆன பிறகு மீதிப் பணம்” என்று பேசுங்கள். எலக்ட்ரிக்கல் பொருளைப் பொதுவாகத் திருப்பி எடுக்க மாட்டார்கள், அதனால் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

புதுசு 42,000 என்பது வண்டி வாங்கிய விலையில் ஆறில் ஒரு பங்கு. வண்டி மற்றபடி நன்றாக இருந்து, இன்னும் நாலைந்து வருசம் வைத்திருக்கப் போகிறீர்கள், போர்டு ரிப்பேருக்கும் ஆகாது என்றால் மட்டும் அதற்குப் போங்கள். போகும்போது இரண்டு சாவியையும் கையோடு கொண்டுபோங்கள், இன்ஜெக்டர் கோடு நம்பர் நாலையும் ஏற்றினார்களா என்று கேளுங்கள். ஏற்றாவிட்டால் ஐடிலில் ஆட்டம், புகை என்று வேறு தலைவலி ஆரம்பிக்கும்.

அதுவரைக்கும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தூரம் போகாதீர்கள் தம்பி. ஓட்டத்தில் இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்கு மேல் கல்லாகிவிடும்.

கேள்வி: காருக்கு அடிப்பலகை துருப்பிடித்து ஓட்டை. பட்டறையில் வெல்டிங் வைத்தால் கம்ப்யூட்டர் போய்விடும் என்கிறார்களே, நிஜமா?
- ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: கவனிக்காமல் வைத்தால் போகும், அம்மிணி. வெல்டிங் ஆரம்பிக்கும் முன் பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் கழற்றச் சொல்லுங்கள், ஈ.சி.எம் கனெக்டரையும் உருவிவிட்டால் இன்னும் பத்திரம். வெல்டிங் மிஷினின் எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு ஒட்டியே மாட்ட வேண்டும், தூரத்தில் பம்பர் ஓரம் மாட்டினால் கரண்டு வண்டி முழுக்கச் சுற்றிக்கொண்டு போகும். அப்புறம் அந்த ஓட்டைக்கு மேலே தரைக் கார்ப்பெட்டுக்கு அடியில் வயர் கட்டு ஓடுகிறதா என்று கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தீயை வைக்க விடுங்கள்.