ஒரு நாளைக்கு ஓர் இழை: ஆச்சியிடம் கேட்டவை

நான் 32 வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஊர் செட்டிநாட்டுப் பள்ளத்தூர். விடியற்காலையில் எங்கள் வீட்டு முகப்பில் ஏழெட்டுப் பேர் கூடி அரை மணி நேரம் பேசாமல் உட்காருகிறோம். இந்த விஷயத்தில் என் தகுதி அவ்வளவுதான். தியானம், நாட்குறிப்பு, விரதம் என்று தனக்கொரு ஒழுங்கு வைத்துக்கொள்வது எப்படி என்று பல பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

காரைக்குடி, பொறியியல் மாணவர்: காலை நாலரைக்கு எழுவது, யோகா 30 நிமிஷம், தியானம் 30 நிமிஷம், ஒரு பதிகம், டைரி, இரவு 9 மணிக்கு மேல் போன் கிடையாது என்று அட்டவணை போட்டிருக்கிறேன் ஆச்சி. சரியா?

அட்டவணை அழகாக இருக்கிறது தம்பி. பொங்கல் வரைக்கும் தாங்காது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிள்ளையார் நோன்பு பார்த்திருப்பீர்கள். திருக்கார்த்திகையன்று தொடங்கி 21 நாள். புது வேட்டியிலிருந்து தினம் ஓர் இழை எடுத்து வைக்கிறோம். முதல் நாளே 21 இழையையும் உருவி வைத்துவிட்டு மீதி நாளெல்லாம் சும்மா இருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. மார்கழியில் சஷ்டி திதியும் சதய நட்சத்திரமும் கூடுகிற நாளில் அத்தனை இழையும் ஒரே திரியாகி, வெல்லம் போட்டுப் பிசைந்த மாவில் நின்று எரிகிறது. அதைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறோம். (சின்ன வயசில் எனக்கு அந்தச் சுடர் என்றால் நடுக்கம். மாவின் மேல் இருந்த ஆசைதான் ஒவ்வொரு வருஷமும் ஜெயித்தது.)

உங்கள் ஆறில் ஒன்றை மட்டும் எடுங்கள். எதை? காய்ச்சல் அடிக்கிற நாளிலும், செமஸ்டர் தேர்வுக்கு முந்தின இரவிலும் செய்ய முடிகிறதை. அதையும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வைக்காதீர்கள். அது பல் துலக்குவது மாதிரி ஆன பிறகு அடுத்த இழை.

தேவகோட்டை, அரசு ஊழியர்: 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்கிறார்கள். சிலர் 48 நாள், ஒரு மண்டலம் என்கிறார்கள். எது உண்மை?

இரண்டும் விரதத்துக்கான கணக்கு. பழக்கம் வேறு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-ல் ஒரு கட்டுரை அச்சிட்டார்கள். ஒரு செயல் தானாக நடக்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது (12 வாரத்தைத் தாண்டியது, பார்த்ததை வைத்துப் போட்ட மதிப்பீடு). தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு நாள் பிடித்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் இல்லை என்பதும் அதில் உண்டு.

அதனால் விரதம் 21 நாளில் முடிந்துவிட்டது, மனசு இன்னும் மாறவில்லையே என்று கலங்க வேண்டாம். முடிகிற தேதியை எழுதாமல் தொடங்குங்கள்.

காரைக்குடி, ஜவுளிக்கடை வைத்திருப்பவர்: காலை 9 மணிக்குக் கடை திறந்தால் வீடு திரும்ப இரவு பத்தரை. எனக்கு எங்கே நேரம்?

கடை திறந்ததும் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுகிறீர்கள் அல்லவா? அதற்கு நேரம் எங்கிருந்து வந்தது? அந்த ஊதுபத்தியை வைத்த கையோடு நாற்காலியில் உட்கார்ந்து பத்து மூச்சு, எண்ணி, மெதுவாக. அதற்கப்புறம்தான் கல்லாப்பெட்டி. புதிதாக ஒரு நேரத்தைத் தேடினால் கிடைக்காது, ஏற்கெனவே நடக்கிற காரியத்தின் வாலில் கட்டிவிட வேண்டும். தீபாவளி வியாபாரத்தில் பத்து மூச்சு மூன்றானாலும் பரவாயில்லை.

கானாடுகாத்தான், ஆசிரியை: டைரி எழுத உட்கார்ந்தால் ஒரே புலம்பலாகப் போகிறது. எப்படி எழுத வேண்டும் ஆச்சி?

எனக்குப் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் அம்மாவைப் பெற்ற ஐயா, பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்குக் கப்பலேறியவர். முதலில் கடையைக் கூட்டித் துடைக்கிற வேலை, அப்புறம் மெதுவாகக் கணக்கு. அன்றைய வரவு செலவு அன்று இரவே குறிப்பில் ஏறிவிட வேண்டும். காலணா இடித்தாலும் மேலாள் படுக்க விடமாட்டார். குறிப்பு என்கிற அந்த நாளேட்டிலிருந்து ஆள்வாரிக் கணக்கான பேரேடு, பேரேட்டிலிருந்து மொத்த நிலையைக் காட்டுகிற ஐந்தொகை. ஏட்டின் தலையில் 'சிவமயம்' என்று எழுதிய கையால் கீழே பொய் எழுத வராது என்பார் ஐயா. வந்தவர்களும் உண்டு, அது வேறு கதை.

என் நோட்டும் அப்படித்தான். ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடப்புறம் வரவு, வலப்புறம் பற்று. அன்று நான் பெற்றதும் நல்லதாகச் செய்ததும் வரவு. யாரிடம் எரிந்து விழுந்தேன், எதைத் தட்டிக்கழித்தேன் என்பது பற்று. கீழே ஒரு கோடு போட்டு நிலுவை: சொல்ல வேண்டிய மன்னிப்பு, திருப்ப வேண்டிய பாத்திரம், கேட்க வேண்டிய நலம். மொத்தம் ஐந்து வரிக்கு மேல் கிடையாது.

முக்கியமானது, நடந்ததை மட்டும் எழுதுவது. 'நான் மோசமான அம்மா' என்பது கணக்கு இல்லை, தீர்ப்பு. 'மாலை 6 மணி, பையனிடம் கத்தினேன், ஹோம்வொர்க் விஷயம்' என்பது கணக்கு. புலம்பல் வருகிற இடம் தீர்ப்பு எழுதுகிற இடம்தான். அதே மாதிரி வரவை மட்டும் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், நன்றிப் பட்டியல் என்ற பெயரில். வரவு மட்டும் இருக்கிற ஏட்டை எந்த மேலாளும் கையில் வாங்கமாட்டார்.

மாசக் கடைசியில் ஐந்தொகை. உட்கார்ந்து எண்ணுங்கள். ஒரு மாசம் என் பற்றுப் பக்கத்தில் 17 கோபம் இருந்தது. அதில் 11 பகல் 12 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில்! ஆராய்ந்து பார்த்தால் விஷயம் ஆன்மிகம் இல்லை, பசி. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிற வழக்கம் எனக்கு. அடுத்த மாசத்திலிருந்து பன்னிரண்டரைக்கே என் இலையைப் போட்டுக்கொண்டேன். கோபம் பாதியாகக் குறைந்தது. இதை எந்தத் தியானமும் எனக்குச் சொல்லியிருக்காது, எண்ணிக்கைதான் சொன்னது.

இன்னொன்று, மகமை. வியாபாரத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்கும் தருமத்துக்கும் எடுத்து வைத்த மாதிரி, வாரத்தில் ஒரு மணி நேரத்தை அடுத்தவருக்கென்று எழுதிவிடுங்கள். உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிற பயிற்சிக்கு அது நல்ல மருந்து.

கண்டனூர், இல்லத்தரசி: கூட்டுக் குடும்பம். கண்ணை மூடி உட்கார்ந்தால் மாமியார் 'சந்நியாசம் போகிறாளாம்' என்று எல்லோரிடமும் சொல்கிறார்கள். தனி அறையும் இல்லை.

நம் வீடுகளில் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று வாசலிலிருந்து கொல்லை வரை ஒரு தெருவே நீண்டு கிடக்கும். தனியாக உட்கார மட்டும் இடம் இருக்காது! கண்ணை மூடாதீர்கள் அம்மா. கோலம் போடுகிறீர்களே, அந்தப் பத்து நிமிஷம் புள்ளியிலும் கையிலும் மட்டும் இருங்கள். போனும் பேச்சும் வேண்டாம். யாருக்கும் தெரியாது, யாரும் கேலி செய்யவும் முடியாது. முடிந்தால் ஒரு நாள் மாமியாரையே பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அவர்கள் கேலிக்கு அடியில் 'என்னை யாரும் கூப்பிடவில்லையே' என்பதுகூட இருக்கலாம்.

மதுரை, மென்பொருள் பணியாளர் (சொந்த ஊர் புதுவயல்): ஆறு மாசமாகத் தியானம் செய்கிறேன். அமைதியாகத்தான் உட்காருகிறேன். எழுந்ததும் பழைய ஆள்தான்.

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் யோகத்துக்கு எட்டு உறுப்பு சொல்கிறார்: இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. தியானம் ஏழாவது. முதலாவதான இயமத்தில் கொல்லாமை, பொய்யாமை, களவு செய்யாமை எல்லாம் வருகின்றன. நாம் நேராக ஏழாவது படியில் கால் வைத்துவிட்டு வழுக்குகிறது என்கிறோம். ஒரு மாசத்துக்குத் தியானத்தைப் பத்து நிமிஷமாகக் குறைத்துக்கொண்டு, 'அலுவலகத்தில் சின்னப் பொய்கூடச் சொல்வதில்லை' என்று ஒன்றை மட்டும் பிடித்துப் பாருங்கள். 'அஞ்சு நிமிஷத்தில் அனுப்பிடறேன்' என்பதும் பொய்தான்.

திருப்பத்தூர், கல்லூரி மாணவி: எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

பொருந்தும். நோட்டின் தலையில் சிவமயம் எழுத வேண்டாம், தேதி போதும்.

பெயர், ஊர் வேண்டாம் என்றவர்: தனியாக நீண்ட நேரம் மௌனமாக உட்காரத் தொடங்கியதிலிருந்து தூக்கமே இல்லை. பழைய சம்பவங்கள் வந்து அழுகை அழுகையாக வருகிறது. இது கர்மா கழிவது, விடாமல் செய் என்கிறார்கள். மாத்திரையையும் நிறுத்தச் சொல்கிறார்கள்.

நிறுத்த வேண்டியது மாத்திரையை அல்ல, அந்த நீண்ட மௌனத்தை. இன்றைக்கே நிறுத்துங்கள். தியானத்தில் சிலருக்கு இப்படி நேர்வது உண்டு, அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. மருந்து எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அதற்குள் யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தூக்கம் திரும்பும் வரை நடை, சாப்பாடு, பேசத் துணைக்கு ஒரு ஆள், இவைதான் உங்கள் பயிற்சி.

சிவகங்கை, வங்கி ஊழியர்: குரு இல்லாமல் இதெல்லாம் செய்யலாமா? 40 நாள் வகுப்பு ஒன்றுக்கு 25,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா?

நானும் ஒரு தடவை கட்டினேன், பெயர் வேண்டாம். தினம் 15 பயிற்சி, 40 நாள். 19-ஆம் நாள் நின்றுவிட்டேன். போன் செய்தால், 'உங்களுக்கு ஈடுபாடு போதவில்லை, அடுத்த நிலைக்குப் பணம் கட்டினால் சரியாகும்' என்றார்கள். வணிகவியல் டீச்சருக்கே இந்தக் கதி.

படிக்க ஆசிரியர் வேண்டும்தான். நமக்குப் பக்கத்திலேயே கோவிலூர் மடம் இருக்கிறது, வேதாந்தத்தைத் தமிழிலேயே பாடம் சொல்லிவந்த இடம். அப்படி ஒரு இடத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். ஆனால் பல் துலக்குவதைப் போன்ற தினசரிப் பழக்கத்துக்குக் குரு எதற்கு? பணம் கேட்கிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: நடுவில் விலகினால் பணம் திரும்புமா, மருத்துவரிடம் போவதைத் தடுப்பீர்களா, இங்கே நடப்பதை வீட்டில் சொல்லலாமா. மூன்றில் ஒன்றுக்குப் பதில் இழுத்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

குன்றக்குடி, ஓட்டுநர்: நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மகள் கல்யாண வேலையில் பத்து நாள் விட்டுப்போச்சு. மறுபடி முதலிலிருந்து தொடங்கணுமா?

உங்கள் ஊரிலிருந்துதானே தைப்பூசத்துக்குக் காவடியோடு பழநிக்கு நடக்கிறார்கள்? நத்தத்தில் கால் கொப்புளித்து ஒரு நாள் உட்கார்ந்தவர், திரும்பக் குன்றக்குடிக்கு வந்து முதலிலிருந்தா நடக்கிறார்? எழுந்து திண்டுக்கல் பக்கம் நடங்கள் அண்ணே. கல்யாணம் நல்லபடியாக முடிந்ததல்லவா, அதை வரவில் எழுதுங்கள்.

சிங்கப்பூர், பள்ளத்தூர்ப் பேத்தி முறை: எல்லோருக்கும் சொல்கிறீர்களே ஆச்சி, உங்கள் நோட்டில் என்ன இருக்கிறது? முன்னேற்றம் உண்டா?

வம்புக்காரி. சரி, சொல்கிறேன்.

கோபம் குறைந்திருக்கிறது, வீட்டில் கேட்டுத்தான் சொல்கிறேன். அதை நானே சொல்லிக்கொண்டால் கணக்கில் சேராது. பொறாமை அப்படியே இருக்கிறது. நிலுவையில் மட்டும் ஒரு வரி 9 வருஷமாக ஒவ்வொரு நோட்டுக்கும் மாறிக்கொண்டே வந்தது: நாத்தனாருடன் பேச வேண்டும். வீட்டுப் பங்கு விஷயத்தில் சொல்லக் கூடாத ஒரு வார்த்தை சொன்னேன். அவள் சொன்னதும் கொஞ்சம் இல்லை, ஆனால் அது அவள் நோட்டில் எழுத வேண்டியது.

ஐப்பசியில் போன் செய்தேன். எடுக்கவில்லை. 'போன், எடுக்கவில்லை' என்று எழுதினேன். கார்த்திகையில் இரண்டு தடவை, அதே வரி. போன வாரம் எடுத்தாள். யார் பேசுகிறது என்று தெரிந்தும் 'யாரு?' என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், 'இந்த வருஷம் நோன்புக்கு வெல்லம் எங்கே வாங்கினீங்க, இங்கே ஒண்ணும் நல்லா இல்லை' என்றாள். ரெண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இப்போதைக்கு அது நிலுவையில் இருக்கிறது.