இளைத்தது மாத்திரையாலா, ராத்திரிச் சோற்றை விட்டதாலா?

கேள்வி: எனக்கு வயது 41, விருதுநகர் பக்கம். எடை 78 கிலோ. தைராய்டு மாத்திரை காலையில் ஒன்று, சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளைமிபிரைடும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் போடுகிறேன். எங்கள் தெரு அக்கா ஒருவர் பசியைக் குறைக்கும் மூலிகை காப்ஸ்யூல் விற்கிறார். 60 காப்ஸ்யூல் 2,400 ரூபாய், தினம் இரண்டு. கார்சீனியா, கரல்லுமா, கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட், சிறுகுறிஞ்சான் நான்கும் சேர்ந்து ஒரு காப்ஸ்யூலில் 500 மி.கி. என்று லேபிளில் இருக்கிறது. கூடவே ஒரு சாப்பாட்டு அட்டையும் தந்தார்: ராத்திரி சோறு, இட்லி, தோசை கிடையாது, வெள்ளரிக்காயும் மோரும் மட்டும். டீக்குச் சர்க்கரை இல்லை, தினமும் 40 நிமிட நடை. ஆறு வாரத்தில் இரண்டரை கிலோ இறங்கியிருக்கிறது. சில நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் பசியோடு கை நடுக்கமும் வியர்வையும் வருகிறது. கொழுப்பு கரைவதன் அடையாளம் அது என்கிறார் அக்கா. “மூலிகைதானே, பக்கவிளைவே கிடையாது, ஆராய்ச்சியெல்லாம் இருக்கு” என்கிறார். என் வீட்டுக்காரர் எல்லாம் ஏமாற்று வேலை என்கிறார். தொடரலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ஆராய்ச்சியைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தக் கை நடுக்கம். கொழுப்பு கரைவதால் யாருக்கும் கை நடுங்காது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோகிறது என்றுதான் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. கிளைமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து. பின்னால் சாப்பாடு வருகிறதோ இல்லையோ, அது தன் வேலையைச் செய்துவிடும். மாத்திரையைப் போட்டுவிட்டு வெள்ளரிக்காயோடு நிறுத்திக்கொண்டால் சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, அகோரப் பசி மூன்றும் சேர்ந்து வரலாம். போதாக்குறைக்கு, சிறுகுறிஞ்சானுக்கும் சர்க்கரையைக் குறைக்கும் குணம் உண்டு.

அதனால் இன்றே காப்ஸ்யூலை நிறுத்துங்கள். அடுத்த முறை நடுக்கம் வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். நாளைக்கே உங்கள் டாக்டரிடம் போய், ராத்திரிச் சாப்பாடு மாறியிருப்பதைச் சொல்லி மாத்திரை அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். அதுவரைக்கும் ராத்திரி இரண்டு இட்லியோ இரண்டு சப்பாத்தியோ சாப்பிடுங்கள். அந்த அக்காவிடமும் சண்டைக்குப் போகாமல் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவரிடம் வாங்குகிறவர்களில் சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் இன்னும் இருப்பார்கள்.

சரி, இப்போது ஆராய்ச்சிக்கு வருவோம். அக்கா சொல்வது பொய்யில்லை, ஆராய்ச்சி இருக்கத்தான் செய்கிறது. அதில் என்ன கிடைத்தது என்பதுதான் கேள்வி.

லேபிளில் கார்சீனியா என்று இருப்பது நமக்குத் தெரிந்த கொடம்புளிதான். கேரளத்து மீன் குழம்பில் கறுப்பாகச் சுருண்டு கிடக்குமே, அதே புளி. அதன் தோலில் ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. உடம்பு மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும்போது வேலை செய்யும் ஒரு நொதியை அது தடுக்கிறது. எலிகளுக்குக் கொடுத்தபோது அவை குறைவாகத் தின்றன, எடையும் குறைந்தது. இதைக் கேட்டால் யாருக்கும் நம்பிக்கை வரும்.

மனிதர்களிடம் நியூயார்க்கில் சோதித்தார்கள். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவு வெளிவந்தது. அதிக எடை உள்ள 135 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தினமும் 1,500 மி.கி. ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலமும், மற்றதற்குப் பார்க்க அதேபோல் இருக்கும் வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது சாப்பிட்டவருக்கும் தெரியாது, எடை பார்த்தவருக்கும் தெரியாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி நார்ச்சத்து கூடிய, கலோரி குறைந்த சாப்பாடு. 12 வாரம் கழித்து, கொடம்புளி சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் 4.1 கிலோ.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நின்று பாருங்கள், சகோதரி. வெற்று மாத்திரைக்காரர்களும் தாங்கள் மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையில்தான் இருந்திருப்பார்கள். அவர்களில் யாரையாவது நிறுத்திக் கேட்டிருந்தால், “மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, நான்கு கிலோ இறங்கிவிட்டது” என்று மனதாரச் சொல்லியிருப்பார். உங்கள் இரண்டரை கிலோவும் அப்படித்தான். ஆறு வாரம் ராத்திரிச் சோற்றை விட்டு, டீயில் சர்க்கரையை விட்டு, 40 நிமிடம் நடந்தால் காப்ஸ்யூல் இல்லாமலே அந்த எடை இறங்கும். உழைத்தது நீங்கள். அந்தப் பெயரைத் தூக்கி 2,400 ரூபாய் டப்பாவுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இப்படிப்பட்ட காப்ஸ்யூலோடு சாப்பாட்டு அட்டையும் வந்தால், வேலை செய்தது எது என்பது வாங்குகிறவருக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

அதற்குப் பிறகு பல சிறிய ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2011இல் கணக்குப் பார்த்தபோது, வெற்று மாத்திரையைவிடக் கொடம்புளிக்குக் கிடைத்த கூடுதல் லாபம் ஒரு கிலோகூட இல்லை. ஒழுங்காக நடத்தப்பட்ட ஆய்வுகளை மட்டும் தனியாக எடுத்தால் அந்த வித்தியாசமும் நிற்கவில்லை.

அடுத்து கரல்லுமா. இது உங்கள் ஊர்ச் சமாசாரம். கரட்டிலும் பொட்டல் காட்டிலும் நாலு பட்டைத் தண்டோடு நிற்கும் கள்ளிமுளையான்தான் இது. ஆடு மேய்க்கப் போகிறவர்கள் ஒடித்துப் பச்சையாகவே தின்பார்கள், புளி மிளகாய் வைத்துத் துவையலும் அரைப்பார்கள். பசி தாங்கும் என்று ஊரில் சொல்வதை வைத்துத்தான் பெங்களூரில் ஆய்வு செய்தார்கள். 2007இல் வெளிவந்தது. 50 பேர், 60 நாள், தினமும் ஒரு கிராம் சாறு. பசி உணர்வு குறைந்ததாகச் சொன்னார்கள், இடுப்புச் சுற்றளவும் வெற்று மாத்திரைப் பிரிவைவிடக் குறைந்தது. ஆனால் எடையிலும் உடம்புக் கொழுப்பிலும் இரண்டு பிரிவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நான்கு மூலிகைகளில் பசிக்கென்று ஓரளவு நியாயமான ஆதாரம் இதற்குத்தான் இருக்கிறது என்பேன். ஆனால் 50 பேரும் இரண்டு மாதமும் ஒரு முடிவைக் கட்டுவதற்குப் போதாது.

கள்ளிமுளையானுக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பங்காளி உண்டு, பெயர் ஹூடியா. கலஹாரிப் பாலைவனத்துச் சான் மக்கள் வேட்டைக்குப் போகும்போது பசி தெரியாமல் இருக்க இதை மெல்வார்கள். தென்னாப்பிரிக்க அரசு ஆய்வு நிறுவனம் காப்புரிமை வாங்கியது. மருந்து நிறுவனமான ஃபைசர் கையில் எடுத்து 2003இல் கைவிட்டது, யூனிலீவர் எடுத்து 2008இல் கைவிட்டது. யூனிலீவர் செய்த சோதனை 2011இல் வெளியானது. அதிக எடை உள்ள 49 பெண்களை 15 நாள் ஒரே இடத்தில் தங்கவைத்து அளந்தார்கள். சாப்பிட்ட அளவும் குறையவில்லை, எடையும் குறையவில்லை. மாறாகக் குமட்டலும், ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் கூடியதும்தான் மிச்சம். காட்டில் பச்சையாக மெல்லுவது ஒன்று, சாறு பிழிந்து தினமும் கொடுப்பது வேறொன்று.

சிறுகுறிஞ்சான் விஷயம் வேறு. அதன் இலையை மென்றுவிட்டு வாயில் சர்க்கரை போட்டால் மணலைப் போட்டதுபோல் இருக்கும், இனிப்பே தெரியாது. நாக்கில் இனிப்பை உணரும் இடத்தை அரை மணி நேரத்துக்கும் மேலாக மறைத்துவிடுகிறது. காப்ஸ்யூலாக விழுங்கினால் நாக்கில் படாதே, இந்த வேலை எப்படி நடக்கும்?

இனி உங்கள் டப்பாவின் கணக்கு. தினம் இரண்டு காப்ஸ்யூல் என்றால் நான்கு மூலிகையும் சேர்ந்து 1,000 மி.கி. பெங்களூர் ஆய்வில் கள்ளிமுளையான் சாறு மட்டுமே 1,000 மி.கி. நியூயார்க் ஆய்வில் கொடம்புளி அமிலம் மட்டுமே 1,500 மி.கி. அந்த அளவுகளை இந்த 1,000க்குள் எப்படி அடைத்தாலும் அடங்காது. எந்த மூலிகை எவ்வளவு என்று தனித்தனியாகப் போடாமல் மொத்தமாக ஒரு எண்ணைப் போட்டிருப்பதால், உங்கள் டாக்டர்கூடக் கணக்குப் பார்க்க முடியாது. ஆய்வு நடந்த மூலிகையின் பெயர் லேபிளில் இருப்பதாலேயே, ஆய்வில் கொடுத்த அளவும் உள்ளே இருக்கிறது என்று ஆகிவிடாது.

எடைக்காகக் கொடுக்கப்படும் மூலிகைகள் பற்றி நடந்த 54 ஆய்வுகளை, நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு, சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் அலசினார்கள். எந்த ஒரு மூலிகையையும் எடைக்காகப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்பதே அவர்கள் முடிவு.

“மூலிகைதானே” என்ற பேச்சுக்கு வருகிறேன். இதை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் ஒரு உடல் இளைப்பு நிலையத்தில் கொடுத்த சீன மூலிகைப் பொடியில் ஒரு செடிக்குப் பதில் வேறொரு செடி கலந்துவிட்டது. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையின் இனம் அது. சுமார் நூறு பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலர் டயாலிசிஸுக்கும் சிறுநீரக மாற்றுக்கும் போக வேண்டியதாயிற்று. சிலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அவர்கள் எல்லாரும் கொஞ்சம் இளைக்கலாம் என்று போனவர்கள்தான்.

உங்கள் டப்பாவில் கவலைப்பட வேண்டிய உறுப்பு கல்லீரல். கிரீன் டீயைக் கொதிக்கவைத்துக் குடிப்பதில் பயமில்லை. அதையே காய்ச்சிச் சுண்டவைத்த சாறாகக் காப்ஸ்யூலில் அடைக்கும்போது சிலருக்குக் கல்லீரல் அழற்சி வருகிறது. அதில் உள்ள கேட்டச்சின் என்ற பொருள் தினமும் 800 மி.கி.யோ அதற்கு மேலோ போனால் கல்லீரல் நொதிகள் ஏறலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. கொடம்புளிக் காப்ஸ்யூல்களாலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. எல்லாருக்கும் வராது, ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வழி சாதாரணப் பரிசோதனைக் கூடத்தில் இல்லை.

இன்னொன்று, லேபிளில் இல்லாத சரக்கு. சிபுட்ராமின் என்று ஒரு பசியடக்கி மருந்து இருந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று அமெரிக்காவில் 2010இலும் இந்தியாவில் 2011இலும் விலக்கப்பட்டது. அதற்குப் பிறகும், ‘முழுக்க மூலிகை’ என்று விற்ற மாத்திரைகளில் இதை ஒளித்துக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துத் துறை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. ஒரு மூலிகை மாத்திரை போட்ட இரண்டாம் நாளே பசி அடியோடு அற்று, வாய் வறண்டு, நெஞ்சு படபடத்தால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். உங்களுக்கு அந்த அறிகுறிகள் இருப்பதாக எழுதவில்லை, அது ஆறுதல்.

பசியை உண்மையிலேயே தணிக்க நார்ச்சத்து உதவும். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை, தண்ணீரை இழுத்து ஊதி வயிற்றில் இடத்தை அடைக்கிறது, அவ்வளவுதான். வெந்தயத்திலிருந்து பிரித்த நாரை ஒரு வேளைக்கு 8 கிராம் கொடுத்துச் செய்த சிறிய ஆய்வில் பசி குறைந்தது. இசப்கோலும் அதே வழிதான். ஆனால் நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். உங்கள் தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது.

தூக்கத்தையும் ஒரு கண் பாருங்கள். 2004இல் சிகாகோவில் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு ராத்திரி நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது, பசி ஹார்மோனான கிரெலின் 28 சதவீதம் ஏறியது. போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. காலையில் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பாசிப்பயறுச் சுண்டலோ சேர்ந்தால் பசி கொஞ்சம் தாங்கும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். கல்லீரல் பரிசோதனை, தைராய்டு, மூன்று மாத சராசரி சர்க்கரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இடையில் சிறுநீர் கறுத்துப் போனாலோ, கண் மஞ்சளானாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள். கிளைமிபிரைடு எடையையும் கொஞ்சம் ஏற்றும் மருந்து. அதற்குப் பதில், சர்க்கரையும் எடையும் சேர்ந்து குறையும் மருந்து உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். செமாகுளுடைடு என்ற ஊசியை 68 வாரம் போட்டவர்கள் சராசரியாக 15 சதவீத எடை இழந்தார்கள், வெற்று ஊசி போட்டவர்கள் இழந்தது இரண்டரை சதவீதத்துக்கும் கீழே. அந்த ஆய்வில் இருந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு எடை அந்த அளவு இறங்காது என்றாலும் வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதற்கும் பக்கவிளைவுகள் உண்டு, விலையும் கூடுதல். ஆனால் அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யாருக்கு ஆகாது என்பதையெல்லாம் உங்கள் டாக்டரால் சொல்ல முடியும்.