முதல் பாக்ஸிங் இரவுக்கு எந்த அரங்கை எடுப்பது?

கேள்வி: வட சென்னையில் நாங்கள் சிலர் சேர்ந்து தொழில்முறை பாக்ஸிங் இரவு ஒன்று நடத்த நினைக்கிறோம். மொத்தம் எட்டு ஃபைட். எங்கள் பகுதிப் பையன்கள் ஆறு பேர் இறங்குகிறார்கள். மூன்று இடங்கள் கைவசம் உள்ளன: 8,000 பேர் உட்காரும் உள்விளையாட்டரங்கு, 1,200 பேர் கொள்ளும் மண்டபம், ஊருக்கு வெளியே ஒரு ரிசார்ட். ரிசார்ட்காரர் வாடகை வேண்டாம், மேற்கொண்டு நானே பணமும் தருகிறேன் என்கிறார். இந்த ஆட்டம் நம்மூர் ஜனங்களுக்குப் பிடித்துப்போக வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. எதை எடுப்பது?

பதில்: மண்டபத்தையே எடுங்கள். பணம் தரத் தயாராக ஒருவர் நிற்கும்போது இதை ஏற்பது கஷ்டம்தான். ஆனால் அரங்குச் செலவை யார் ஏற்கிறாரோ, அவருக்காகத்தான் ஆட்டம் நடக்கும். டிக்கெட் வாங்குகிறவர் ஏற்றால் அவருக்காக. சூதாட்ட விடுதி ஏற்றால் அதன் வாடிக்கையாளருக்காக. நூறு வருடமாக உலகம் முழுக்க இப்படித்தான் நடந்திருக்கிறது.

லாஸ் வேகாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் சீசர்ஸ் பேலஸ் விடுதி தன் கார் நிறுத்துமிடத்தில் தற்காலிக அரங்கு போட்டு லெனார்ட் – ஹெர்ன்ஸ் (1981), ஹோம்ஸ் – கூனி (1982), ஹேக்லர் – ஹெர்ன்ஸ் (1985) ஃபைட்டுகளை நடத்தியது. ஆட்டங்கள் அபாரம், அதில் சந்தேகமில்லை. விடுதியின் கணக்கு வேறு: ஃபைட்டை ஏற்பாடு செய்யும் புரமோட்டருக்கு மொத்தமாக ஒரு தொகை, பதிலுக்கு நல்ல இருக்கைகள் பெரிய பந்தயக்காரர்களுக்கு. போட்ட பணம் சூதாட்ட மேசையில் திரும்பி வந்துவிடும். புரமோட்டருக்கும் நிம்மதி, டிக்கெட் விற்று அலைய வேண்டியதில்லை. அந்த நிம்மதிதான் வினை. டிக்கெட் விற்க வேண்டிய அவசியம் போனதும், வீரனை அவன் ஊரில் வளர்க்க வேண்டிய அவசியமும் போய்விட்டது.

இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பது 2015 மே 2 அன்று மேவெதர் – பாக்கியாவ் ஃபைட்டில் தெரிந்தது. லாஸ் வேகாஸின் எம்ஜிஎம் கிராண்ட் சூதாட்ட விடுதியின் அரங்கில் சுமார் 16,000 இருக்கைகள். பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தவை ஆயிரம்கூட இல்லை. அதுவும் ஃபைட்டுக்கு ஒன்பது நாள் முன்புதான். ஆகக் குறைந்த விலை 1,500 டாலர். நுழைவு வசூல் 7 கோடி டாலரைத் தாண்டியது, வீட்டில் காசு கட்டி (பே-பெர்-வியூ) டிவியில் பார்த்தவர்களின் கணக்கு 46 லட்சம். காசு குவிந்தது, ஆனால் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கிற விளையாட்டாக அன்று அது இல்லை.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 2016 ஜூலையில் டெல்லி தியாகராஜ் அரங்கில் விஜேந்தர் சிங் தொழில்முறை வீரராக முதன்முறை சொந்த மண்ணில் ஆடி கெரி ஹோப்பை வென்றார். 2021 மார்ச்சில் அவருடைய ஃபைட் கோவாவில், பணஜியின் மாண்டோவி ஆற்றில் நின்ற ஒரு கேசினோ கப்பலின் மேல்தளத்தில் நடந்தது. அங்கேதான் அவர் தொழில்முறையில் முதல் தோல்வி கண்டார். கொரோனாக் காலம் என்பது உண்மை. ஆனாலும் கப்பல் மேல்தளத்துக்கு யார் குடும்பத்தோடு போக முடியும்? உங்கள் ரிசார்ட்டைப் பற்றி நான் கேட்பதும் இதுதான்: மாநகரப் பேருந்தில் போய், ஃபைட் முடிந்து பேருந்திலேயே வீடு திரும்ப முடியுமா?

சவூதி அரேபியாவின் பணத்தைப் பற்றிச் சொல்லும்போது நியாயமாகச் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த ஃபைட்டுகள் அந்தப் பணத்தால்தான் நடந்தன. 2024 மே மாதம் ரியாத்தில் நடந்த ஃபியூரி – உசிக் அப்படிப்பட்டது. ஆனால் 2025 மே முதல் வாரத்தைப் பாருங்கள். மே 2 அன்று அதே பணத்தில் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில், நட்ட நடுத்தெருவில் ரிங் போட்டார்கள். அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே உள்ளே. படத்துக்கு அழகான இடம். ஆட்டங்கள் சப்பென்று போயின. மறுநாள் அமெரிக்க இரவு நேரத்துக்காக ரியாத்தில் விடியற்காலையில் கனெலோ – ஸ்கல் ஃபைட். 12 ரவுண்டில் இருவரும் சேர்ந்து வீசியது 445 குத்துகள். 12 ரவுண்ட் ஃபைட்டுகளில், குத்துகளை எண்ணும் கம்ப்யூபாக்ஸ் நிறுவனம் அதுவரை எண்ணியதில் அதுதான் மிகக் குறைவு. ஸ்கல் ஓடி ஓடி ஆடியது முதல் காரணம். ஆனால் காசு கொடுத்து வந்த சொந்த ஊர்க் கூட்டம் இருந்திருந்தால் மூன்றாவது ரவுண்டிலேயே கூச்சல் கிளம்பி இருவரையும் உசுப்பியிருக்கும். ‘அடிடா’ என்று கத்த ஆள் இல்லாத ரிங்கில் வீரன் தோற்காமல் இருக்கவே பார்ப்பான்.

எதிர்த் திசையில் உதாரணம் வேண்டுமானால் டெரன்ஸ் கிராஃபோர்டு. சொந்த ஊர் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா. பாக்ஸிங் வரைபடத்தில் அந்த ஊருக்கு இடமே கிடையாது; 1972-ல் ஃப்ரேசியர் – ஸ்டாண்டர் ஃபைட்டுக்குப் பிறகு 42 வருடம் அங்கே உலகப் பட்டத்துக்கான ஃபைட் எதுவும் நடக்கவில்லை. கிராஃபோர்டு 2014 மார்ச்சில் கிளாஸ்கோவுக்குப் போய் ரிக்கி பர்ன்ஸைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கினார். ஜூன் மாதம் காம்போவாவுக்கு எதிரான ஃபைட்டை ஒமாஹாவில் வைத்தார்கள். ஏறக்குறைய 11,000 பேர் வந்தார்கள். நவம்பரில் மறுபடி அங்கேயே. மறுபடி 11,000-க்கு மேல். 2016-ல் போஸ்டோலோடு மோதுவதற்கு அவரை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோனபோது அரங்கும் நிறையவில்லை, பே-பெர்-வியூவும் தேறவில்லை. அடுத்த வருடம் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் இண்டோங்கோவோடு ஆடியபோது 12,000 பேர். வீரன் அதே ஆள்தான். மாறியது ஊர் மட்டும்.

ஜப்பானின் நாவோயா இனோவே இன்னும் பொறுமையாக ஏறியவர். 2012 அக்டோபரில் முதல் ஃபைட், டோக்கியோவின் கொராக்குவென் ஹாலில். இரண்டாயிரம் பேருக்கு மேல் கொள்ளாத பழைய கூடம் அது. குத்து விழும் சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்கும். 2019-ல் சைத்தாமா சூப்பர் அரீனா, 2024 மே மாதம் டோக்கியோ டோம், சுமார் 43,000 பேர். 1990-ல் டைசனை டக்ளஸ் வீழ்த்திய பிறகு டோமில் நடந்த முதல் பாக்ஸிங் அதுதான். கொராக்குவென் ஹாலும் டோமும் ஒரே வளாகத்தில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடக்க ஐந்து நிமிடம் போதும். இனோவேக்குப் பதினொன்றரை வருடம் ஆயிற்று.

8,000 இருக்கை ஆசைக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1923-ல் மொன்டானாவின் ஷெல்பி என்ற சிறு எண்ணெய் ஊர், டெம்ப்ஸி – கிப்பன்ஸ் ஃபைட்டுக்காக 40,000 பேர் உட்காரும் மர அரங்கைக் கட்டியது. டெம்ப்ஸி தரப்புக்குப் பேசிய 3 லட்சம் டாலரை முழுதாகத் திரட்ட முடியவில்லை. ஃபைட் நடக்குமா நடக்காதா என்ற பேச்சு கிளம்பியதும் சிறப்பு ரயில்கள் ரத்தாயின. காசு கொடுத்து வந்தவர்கள் சுமார் 7,700 பேர். அந்த வட்டாரத்தின் வங்கிகள் மூழ்கின. ஓர் உலக சாம்பியனை வைத்தே இந்தக் கதி.

இனி உங்கள் மண்டபத்துக்கு வருவோம். முதலில் ஆள் கணக்கு. ஆறு பையன்களிடமும் எத்தனை டிக்கெட் விற்பாய் என்று தனித்தனியாகக் கேளுங்கள். சொல்லும் எண்ணிக்கையில் பாதியை மட்டும் நம்புங்கள். பையன் 200 என்றால் 100. ஆறு பேருக்கு 600. சுவரொட்டி, இன்ஸ்டாகிராம், பாக்ஸிங் கிளப்புகள் வழியாக இன்னொரு 200, 300. ஆக 900. 1,200 பேர் கொள்ளும் மண்டபத்தில் அது ஜேஜே என்று இருக்கும். 8,000 பேர் அரங்கில் அதே 900 பேர் உட்கார்ந்தால் வீடியோவில் காலி நாற்காலிதான் தெரியும். அடுத்த ஃபைட்டுக்கு ஸ்பான்சர் பிடிக்கும்போது அந்த வீடியோதான் உங்கள் முன்னால் வந்து நிற்கும்.

அடுத்து இட அளவு. ரிங்கின் கயிற்றுக்குள் 16 முதல் 20 அடி வரை வைப்பார்கள். நீங்கள் 18 அடி எடுங்கள். பையன்கள் விலகி ஓட இடம் குறையும், அடி விழும். கயிற்றுக்கு வெளியே நான்கு பக்கமும் 2 அடி விளிம்பு, ஆக மேடை 22 அடி சதுரம். அதைச் சுற்றி நீதிபதிகள், நேரம் பார்ப்பவர், மருத்துவர், கேமரா ஆட்களுக்குப் பக்கத்துக்கு 8 அடி. மொத்தம் 38-க்கு 38 அடி, தூண் குறுக்கிடாமல். மேடை உயரம் 3 முதல் 4 அடி. விளக்குச் சட்டம் வீரனின் தலைக்கு மேல் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். கூரை தரையிலிருந்து 20 அடிக்குக் குறைவாக இருந்தால் அந்த மண்டபம் வேண்டாம். விளக்குச் சூடும் ஆயிரம் பேரின் மூச்சும் சேர்ந்து ரிங் தரையில் விரித்த கான்வாஸ் துணி ஈரமாகி வழுக்கும். ஏசி முழு வேகத்தில் ஓட வேண்டும், ஜெனரேட்டர் தனியாக வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் எல்லோரும் செய்யும் தவறு, மணமேடை மேல் ரிங்கைப் போடுவது. பார்வையாளர்கள் ஒரே பக்கத்தில்தான் இருப்பார்கள். வீரனின் முதுகு மறைத்தால் மண்டபம் முழுவதற்கும் மறைத்துவிடும். ரிங் கூடத்தின் நடுவில்தான் இருக்க வேண்டும். மணமேடையில் நாற்காலிகளைப் போட்டு டிக்கெட் விற்றுவிடுங்கள், அது உயரமான நல்ல இடம். மற்ற மூன்று பக்கமும் ஆறாவது வரிசைக்குப் பின்னால், வரிசைக்கு 8 அங்குலம் ஏறும் பலகைப் படிகள் போட வேண்டும். லண்டன் பெத்னல் கிரீனில் உள்ள யார்க் ஹால் சுமார் 1,200 பேர் கூடம்தான். பிரிட்டனின் எத்தனையோ வீரர்கள் அங்கே தொடங்கியதற்கு மாடி இருக்கைகள் ரிங்கை நெருக்கிச் சூழ்ந்திருப்பதும் ஒரு காரணம். மாறாக, கால்பந்து மைதானத்தின் நடுவில் ரிங் போட்டால் மிக அருகிலுள்ள கேலரி இருக்கையே சுமார் 34 மீட்டருக்கு அப்பால். வெம்ப்ளியில் 90,000 பேர் பெரும்பாலும் திரையைத்தான் பார்க்கிறார்கள். பிரிட்டனின் ஹெவிவெயிட் நட்சத்திரம் ஜோஷுவா மாதிரிப் பெயர் இருந்தால்தான் அதற்கும் கூட்டம் வரும்.

பிரதான கேமராவுக்கு எதிர்ப்பக்கத்தில் மலிவு டிக்கெட்டுகளை வையுங்கள். கத்துகிறவர்கள் அங்கேதான் இருப்பார்கள், படத்தில் விழுவதும் அந்தப் பக்கம்தான். விஐபி சோபாக்களை கேமராவுக்கு முதுகு காட்டுகிற பக்கத்தில் போடுங்கள். எப்படியும் பாதிப் பேர் தாமதமாகத்தான் வருவார்கள்.

ஆறு உள்ளூர்ப் பையன்களையும் ஆரம்பத்திலேயே அடுத்தடுத்து இறக்கி முடித்துவிடாதீர்கள். ஒருவனுடைய ஆட்கள் அவன் ஃபைட் முடிந்ததும் எழுந்து போய்விடுவார்கள். முதலாவது, மூன்றாவது, நான்காவது, ஆறாவது, ஏழாவது, எட்டாவது என்று பரப்பினால் மண்டபம் கடைசிவரை நிறைந்திருக்கும். கடைசி ஃபைட் இரவு 9:30-க்கு மணி அடிக்க வேண்டும். டிவிக்காக நேரத்தை வளைப்பது பெரிய பெயர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். 1974-ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் அலி – ஃபோர்மேன் விடியற்காலை 4 மணிக்கு நடந்தது அமெரிக்கத் திரைகளுக்காக. உங்களுக்குக் கடைசி பேருந்துதான் முக்கியம்.

மருத்துவ ஏற்பாட்டில் பேரமே கூடாது. 1991 செப்டம்பரில் லண்டன் ஒயிட் ஹார்ட் லேன் மைதானத்தில் யூபாங்கோடு ஆடிய மைக்கேல் வாட்சன், 12-வது ரவுண்டில் ஃபைட் நிறுத்தப்பட்ட பின் சரிந்தார். ரிங்கருகே உயிர்காப்புக் கருவிகள் இல்லை. முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் மூளை அறுவைப் பிரிவு இல்லாததால் இன்னொன்றுக்கு மாற்றினார்கள். 40 நாள் கோமா, நிரந்தர ஊனம். வாட்சன் தொடுத்த வழக்கில் பிரிட்டிஷ் பாக்ஸிங் வாரியம் தோற்றது. ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், ஃபைட் நடக்கும் அதே கிழமையில் அதே நேரத்தில், மண்டப வாசலிலிருந்து நரம்பியல் அறுவைப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு வண்டி ஓட்டிப் பாருங்கள். 20 நிமிடத்தைத் தாண்டினால் வேறு மண்டபம் தேடுங்கள். ஆம்புலன்ஸ் இரண்டு வேண்டும். ஒன்று கிளம்பிப் போனால் மற்றது வந்து நிற்கும்வரை அடுத்த ஃபைட்டைத் தொடங்கக் கூடாது. ஊருக்கு வெளியே இருக்கும் ரிசார்ட் பெரும்பாலும் இந்தச் சோதனையிலேயே அடிபட்டுவிடும். புல்வெளியில் நடத்தினால் இரவுப் பனியில் கான்வாஸ் நனைவதும், விளக்குக்குப் பூச்சி வருவதும் வேறு.

ரிங்கைக் கோர்க்க அரைநாள் ஆகும், கம்பங்களும் பலகைகளும் சேர்ந்து ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். மதியம் வரை கல்யாணம் இருக்கும் நாளை ஒப்புக்கொள்ளாதீர்கள். மாடியில் உள்ள கூடம் என்றால் தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் எழுதி வாங்குங்கள்.

ரிசார்ட்காரரின் பணத்தை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். அதே மண்டபத்தில் ரிங் மூலை மெத்தையிலும் கான்வாஸ் நடுவிலும் அவர் பெயரைப் போடுகிறோம் என்று ஸ்பான்சராகப் பேசிப் பாருங்கள். அவர் கேட்கும் இலவச டிக்கெட் நூற்றுக்குப் பத்தைத் தாண்டக் கூடாது. அதே மண்டபத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடத்துங்கள். தொடர்ந்து மூன்று முறை, ஃபைட்டுக்கு முந்தைய நாளே டிக்கெட் தீர்ந்து வாசலில் ஆட்கள் திரும்பிப் போனால் 8,000 பேர் அரங்குக்குப் போகலாம். அப்போதும் முதலில் பாதி அரங்கைத் திரைபோட்டு மறைத்து 3,000 டிக்கெட் மட்டும் விற்பனைக்கு விடுங்கள். அவை தீர்ந்த பிறகு திரையை நகர்த்திக்கொள்ளலாம்.