பொருளாதார நெருக்கடியில் திருகோணமலையில் பிரதேச செய்தியாளராக இருந்து குடும்பம் நடத்த முடியுமா?

கேட்டவர் மூதூர் அல்லது கிண்ணியாப் பக்கத்துத் தம்பி என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தங்கச்சி என்றால் மன்னிக்கவும். கேள்வியில், ஒரு பத்திரிகையில் பிரதேச நிருபராகக் கேட்டிருக்கிறார்கள் என்றும், 'இரண்டு மூன்று இடத்துக்கு அனுப்பினால் சமாளிக்கலாம்' என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சமாளிக்கலாம். ஆனால் நன்றாக எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, பெற்றோல் கணக்குத் தெரிய வேண்டும். 'ரிப்போர்ட்டர்மாருக்கு என்ன குறை, போற இடமெல்லாம் சாப்பாடும் காசு வைத்த கவரும்' என்று கதைக்கிறவர்களும் இதை வாசிக்கட்டும்.

முதலில் சம்பளம். கொழும்பில் அலுவலகத்தில் இருப்பவருக்கு மாதச் சம்பளம். மாவட்டத்தில் இருக்கிற பெரும்பாலானவர்களுக்குப் பிரசுரமான செய்திக்குத்தான் காசு, அனுப்பிய செய்திக்கு இல்லை. ஒரு செய்திக்குச் சில நூறு ரூபா. தொலைக்காட்சி என்றால் ஒளிபரப்பான கிளிப்புக்குக் கொஞ்சம் கூட. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னொரு 3 வீதம் என்பதெல்லாம் நியமனக் கடிதம் உள்ளவர்களுக்கு. செய்திக்குக் காசு வாங்குகிறவருக்கு அது ஒன்றும் இல்லை. வாகனப்படி, தொலைபேசிப்படி கேட்டால் 'பார்ப்போம்' என்பார்கள்.

நெருக்கடி வந்தால் இந்த ஏற்பாட்டுக்கு என்ன நடக்கும் என்று 2022இல் பார்த்தோம். அச்சுத்தாள் டொலரில் வருகிறது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டபோது பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்தன. அந்த மார்ச்சில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையும் ஒரு சிங்களப் பத்திரிகையும் சனிக்கிழமை அச்சையே நிறுத்தின. பக்கம் குறைந்தால் முதலில் சுருங்குவது பிராந்தியப் பக்கம். அதாவது பொருள் விலை ஏறுகிற அதே மாதத்தில் உங்கள் வருமானம் இறங்கும். பத்துச் செய்தி அனுப்பினால் நாலு வரும். ஆகவே ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய திகதி, தலைப்பு, வந்த திகதி, பக்க எண். மாதம் முடிய அதைப் பார்த்துப் பில் எழுதி அனுப்புங்கள். 'நாங்களே எண்ணிப் போடுவோம்' என்கிற இடங்களில் எண்ணிக்கை எப்போதும் குறைவாகத்தான் வரும், கூடி வந்ததாக எனக்குத் தெரிந்து யாரும் சொன்னதில்லை.

இனிப் பெற்றோல். 100 சிசி மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் என்று வைப்போம். டவுனிலிருந்து புல்மோட்டை ஏறத்தாழ 55 கிலோமீற்றர். போய்வர 110. இரண்டேகால் லீற்றர் போகும். 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. ஆக ஒரு புல்மோட்டைப் பயணம் ஆயிரம் ரூபாவுக்கு மேல், அதுவும் சாப்பாடு தேத்தண்ணி இல்லாமல். செய்திக்குக் கிடைப்பதோ சில நூறு. இது காசு கொடுத்து வேலை செய்வது. அந்த ஜூலையில் எரிபொருளைப் பங்கிட க்யூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். அதன்படி வாரம் 200 கிலோமீற்றர்தான் உங்கள் ஆயுள். வெருகலுக்கு ஒருமுறை போய்வந்தால் 120க்கு மேல் முடிந்துவிடும். மிச்சத்தில்தான் கச்சேரி (மாவட்டச் செயலகம்), ஆஸ்பத்திரி, நீதிமன்றம், பிள்ளையின் ரியூஷன் எல்லாம். சீனக்குடாவில் உலக யுத்தக் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 இருக்கிற மாவட்டத்தில் போத்தலோடு நின்ற கதையை வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

க்யூஆர் 2023 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது. ஆனாலும் அந்த வாரம் 200 கிலோமீற்றர் பழக்கத்தை விடாதீர்கள் என்பதுதான் என் கருத்து. ஒரு பயணத்துக்கு ஒரு செய்தி என்றால் நட்டம். குறைந்தது மூன்று, ஒன்று உடனே கொடுக்க, இரண்டு கிடப்பில் போட. புல்மோட்டைப் பாதையில் போனால் நிலாவெளியில் ஹோட்டல்காரர்கள், குச்சவெளியில் பிரதேச செயலகம், புல்மோட்டையில் கனிய மணலும் மீனவர் பிரச்சினையும். தெற்கே போனால் கிண்ணியா மீன் சந்தை, மூதூர் நீதிமன்றம், சேருவில வயல், ஈச்சிலம்பற்று, வெருகல். முதல் நாள் இரவே போன் போட்டு அதிகாரி கந்தோரில் இருப்பாரா என்று கேளுங்கள். மக்கள் சந்திப்பு நாளில் போனால் அதிகாரியும் இருப்பார், முறைப்பாட்டோடு வந்த சனமும் இருக்கும். வெள்ளிக்கிழமை கிண்ணியா, மூதூர், புல்மோட்டை என்றால் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை யாரையும் பிடிக்க முடியாது, ஜும்ஆத் தொழுகை. அந்த நேரத்தில் எழுதி முடியுங்கள். கடற்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள், டயர் காற்றைப் பாருங்கள். காற்றுக் குறைந்த டயர் பெற்றோலைக் குடிக்கும். தட்டுப்பாட்டுக்குப் பயந்து போத்தலில் பெற்றோல் வாங்கி வீட்டுக் குசினியில் மட்டும் வைக்காதீர்கள்.

அடுத்தது போனும் கரண்டும். இதில்தான் புதியவர்கள் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். வீடியோவை ஃபோர்-கேயில் எடுக்காதீர்கள். 1080இல் ஒரு நிமிடம் நூறு மெகாபைட்டைத் தாண்டும், ஃபோர்-கே அதைப்போல மூன்று மடங்கு வரும். கொழும்பில் அதைச் சுருக்கித்தான் போடப் போகிறார்கள், டேட்டா உங்களுடையது. பத்து வினாடித் துண்டுகளாக எடுங்கள்: தூரத்துக் காட்சி ஒன்று, நடுத்தரம் இரண்டு, கை, முகம், பொருள் என்று கிட்டத்தில் மூன்று, பேட்டி நாற்பது வினாடி. இவ்வளவு போதும், இரண்டு நிமிடத்துக்குள் அடங்கும். காற்று அடிக்கிற இடத்தில் பேட்டி எடுத்தால் போனின் மைக் துளையை மெல்லிய துணியால் மூடுங்கள், உங்கள் முதுகைக் காற்றுப் பக்கம் வையுங்கள். துறைமுக ஓரத்தில் எடுத்த பேட்டிகளில் பாதி 'சத்தம் சரியில்லை' என்றே திரும்பி வரும்.

மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போன 2022 மார்ச் இறுதியில் ஒரு விஷயம் எல்லோருக்கும் விளங்கியது. கரண்ட் போனவுடன் போன் சிக்னல் போகாது. கோபுரத்திலுள்ள பற்றரி கொஞ்ச நேரம் தாங்கும், பிறகுதான் ஒவ்வொன்றாகப் படுக்கும். ஆகவே கரண்ட் போனால் 'வரட்டும், பிறகு அனுப்புவோம்' என்று இருக்கக்கூடாது, போன முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் அனுப்ப வேண்டும். முதலில் எழுத்து, வட்ஸ்அப்பில் மூன்று பந்தி. பிறகு இரண்டு படம். வீடியோ கடைசி. எழுத்துப் போனால் செய்தி போய்விட்டது. பவர் பேங்க் வாங்கும்போது அட்டையில் 10,000 மில்லி ஆம்பியர் என்று இருப்பதை நம்பி இரண்டு முறை சார்ஜ் ஏறும் என்று கணக்குப் போடாதீர்கள். உள்ளே இருக்கிற பற்றரி 3.7 வோல்ட், வெளியே 5 வோல்ட்டாக மாற்றித் தருகிறது. அதில் போவதும் சூட்டில் போவதும் கழித்தால் ஆறாயிரத்துச் சொச்சம்தான் கைக்கு வரும். 5,000 பற்றரி உள்ள போனுக்கு ஒருமுறை முழுதாக, மேலே கொஞ்சம். புதுப் போனைத் தவணைக்கு வாங்கிப் போட்டு, அந்தத் தவணைக்காகவே ஆறு மாதம் செய்தி அனுப்புகிற ஆட்களைத் தெரியும். பழைய போனில் பற்றரியை மட்டும் மாற்றுவதே நல்லது.

நெருக்கடிக் காலத்தில் அதிகம் வாசிக்கப்படுவது விலைச் செய்தி. அதிகம் பிழை போவதும் அதுதான். ஒரு கடையில் கேட்டு எழுதாதீர்கள், மூன்று கடை. காலை விலையும் பின்னேர விலையும் மீனில் வேறு வேறு, நேரத்தையும் எழுதுங்கள். நெல் விலை எழுதும்போது மூடை எத்தனை கிலோ என்று கேளுங்கள். மூடையின் நிறை இடத்துக்கு இடம், வியாபாரிக்கு வியாபாரி மாறும். 'மூடை இவ்வளவு' என்று மட்டும் எழுதினால் தம்பலகாமத்தான் ஒரு கணக்கும் கந்தளாய்க்காரன் இன்னொரு கணக்கும் போட்டுக்கொண்டு உங்களைத் திட்டுவான். ஈர நெல்லா காய்ந்த நெல்லா, வயலில் எடுத்த விலையா ஆலைக்குக் கொண்டுபோன விலையா என்பதும் வேண்டும். 'விலை ஏறியது' என்று நிறுத்தாமல் அது யார் கையை எப்படிக் கட்டியது என்று காட்டுங்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஒரேயடியாகப் போனது. இயந்திரப் படகுக்காரரிடம் ஒருமுறை கடலுக்குப் போக எத்தனை லீற்றர் என்று கேட்டு, அதைப் பழைய விலையாலும் புது விலையாலும் பெருக்கி, அன்று பிடித்த மீனின் விலைக்குப் பக்கத்தில் வைத்தாலே செய்தி முடிந்தது. அமைச்சர் சொன்னதைக் கடைசிப் பந்தியில் போடலாம்.

வரிசையில் நிற்கிறவர்களைப் படம் எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். முகம் வேண்டாம் என்றால் கை, கேன், செருப்பு போதும். யாருடைய க்யூஆர் அட்டையும் படத்தில் விழக்கூடாது, அதை எடுத்து வேறு ஒருவன் பெற்றோல் அடித்துவிடலாம். அடையாள அட்டை, நிவாரணப் பட்டியலும் அப்படித்தான்.

பெற்றோல் இல்லாமல் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, பலர் செய்வதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். பிரதேச சபையிலிருந்து திணைக்களம் வரை தகவல் அலுவலருக்குத் தபாலில் விண்ணப்பம் அனுப்பலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவோம் அல்லது மாட்டோம் என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் ஆணைக்குழு. 'ஊழல் பற்றிய விபரம் தருக' என்று எழுதினால் ஒன்றும் வராது. 'இந்த வீதிக்கு இந்த ஆண்டில் ஒதுக்கிய தொகை, ஒப்பந்தக்காரர் பெயர், கொடுத்து முடிந்த தொகை, கொடுத்த திகதி' என்று நாலு கேள்வியாகக் கேளுங்கள், இல்லை என்று சொல்லக் கஷ்டமாக இருக்கும். தமிழில் கேட்டாலும் சிலவேளை சிங்களத்தில் பதில் வரும், தமிழில் தரச் சொல்லித் திருப்பி எழுத உங்களுக்கு உரிமை உண்டு.

கவர் விஷயம். வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. எல்லோரையும் அந்தக் கூடையில் போடுவது நியாயமில்லை. செய்திக்கு முந்நூறு கொடுத்துவிட்டு நேர்மையை மட்டும் முழு விலைக்குக் கேட்கிறார்கள். ரியூஷன், கல்யாண வீட்டுக் கமரா, மொழிபெயர்ப்பு, கடை என்று வேறு ஒரு வருமானம் வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் கவரிலிருந்து காப்பாற்றும். ஆனால் நீங்கள் எழுதுகிற அரசியல்வாதியிடமோ திணைக்களத்திடமோ அந்த வேலையை எடுக்காதீர்கள். மூன்று இடத்துக்கு அனுப்புவது பற்றிக் கேட்டீர்கள். அனுப்பலாம், மூன்று இடத்துக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒரே பந்தியை அப்படியே அனுப்பாமல் ஆரம்பத்தையும் படத்தையுமாவது மாற்றுங்கள்.

ஆபத்துப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இந்த ஊரில் அதைச் சொல்லாமல் விட முடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் உடல்களில் துப்பாக்கிக் காயங்கள் இருந்ததைப் படமெடுத்துக் காட்டியவர் செய்தியாளர் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி டவுனில் சுட்டுக் கொல்லப்பட்டார். யாரும் தண்டிக்கப்படவில்லை. ஊடக அடையாள அட்டையை ஒவ்வொரு வருடமும் புதுப்பியுங்கள், போகிற இடத்தை வீட்டிலும் இன்னொரு செய்தியாளரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். இரண்டரை லீற்றர் எரித்து வெருகலில் எடுத்த படத்தை, பேஸ்புக்கில் பக்கம் நடத்துகிற பொடியன் ஒருவன் வீட்டில் கட்டிலில் கிடந்துகொண்டு வெட்டி, தன் முத்திரையைக் குத்திப் பத்து நிமிடத்தில் போடுகிறான். அவனுக்கு லைக்கும் விளம்பரமும், எங்களுக்கு 'செய்தி ஏற்கனவே வந்துவிட்டது, பயன்படுத்த முடியாது' என்று டெஸ்க்கிலிருந்து பதில். போன் போட்டுக் கேட்டால் 'அண்ணா, பொதுச் செய்திதானே' என்கிறான். செய்தி பொதுதான் தம்பி, பெற்றோல் என்னுடையது. இதனால்தான் பலர் இப்போது படத்தை அலுவலகத்துக்கு அனுப்பி, அங்கே வந்த பிறகே தங்கள் பக்கத்தில் போடுகிறார்கள். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். மூலப் படத்தை அழிக்காதீர்கள், எடுத்த நேரம் அதில் இருக்கும்.

பத்திரிகைக்குச் சரி என்று சொல்ல முதல் இதையெல்லாம் கேளுங்கள். பிரசுரத்துக்கா, அனுப்பியதற்கா காசு? எத்தனை மாதம் பிந்தி வரும்? அடையாள அட்டைக்கான கடிதம் தருவீர்களா? பிராந்தியப் பக்கம் எத்தனை மணிக்கு மூடும்? வழக்கு வந்தால் சட்டத்தரணி யார் செலவு? பதிலை வாயால் வாங்காமல் மின்னஞ்சலில் வாங்குங்கள். கடைசிக் கேள்விக்கு மறுமுனையில் சத்தம் இல்லாவிட்டால், வேறு பத்திரிகையைப் பாருங்கள்.